கைவிடும் உயரம்

கண்ணாடிப் பெட்டியின் முதுகில் ஒரு சின்னக் கதவு.
சாவி என்னிடம்.
திறந்தால் விரலகலத் திரை, நான்கு பொத்தான்.
முதல் எண், எத்தனைக்கு ஒன்று.
இருபத்திரண்டு என்று வைத்திருந்தோம்.
அடுத்தது, தூக்கும்போது எவ்வளவு பிடி.
அதற்கடுத்தது, உச்சிக்குப் போனபின் எவ்வளவு பிடி.
கடைசி எண்தான் என் தொழில்:
எந்த இடத்தில் கைவிடுவது.

கிடக்கும் இடத்திலேயே விட்டால் ஆள் போய்விடுவார்.
ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் விட்டால்
இன்னொரு நூறு ரூபாய் எடுப்பார்.
எந்தக் கையேட்டிலும் அது இல்லை.
வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்த மூன்றாம் மாடியில்,
சனிக்கிழமைகளில் நின்று
முகங்களைப் பார்த்துப் பார்த்துத் திருத்திய
ஒரு சாண்.

பொம்மை புறக்கோட்டையில் மொத்த விலைக்கு அறுநூற்றைம்பது.
இருபத்திரண்டு நூறு, இரண்டாயிரத்து இருநூறு.
மிச்சம் எங்கே போகிறதென்று நிஸ்தார் முதலாளி
பிஸ்கட் பெட்டி அட்டையில் எழுதிக் காட்டினார்.
வாடகை. கரண்ட். உன் சம்பளம்.

ஒரு ஞாயிறு பின்னேரம்
புதுத்தோடு போட்ட ஒரு பிள்ளை
ஒரே ஒரு டோக்கனைப் போட்டது.
கரடி ஏறியது, ஆடியது,
உச்சியில் ஒரு குலுக்கல்,
விழவில்லை.
"அனே!" என்றாள் டிக்கெட் கவுண்டர் சமன்மலி.
கைராசி, கைராசி என்றார்கள் சுற்றி நின்றவர்கள்.
அதற்கு முன் இருபத்தொரு டோக்கன் போட்ட ஜெனிஸ்டன்
ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு
தூணில் சாய்ந்து
தானும் கைதட்டினார்.

சாப்பாடு டெலிவரி செய்பவர்.
ஒரு ஓர்டருக்கும் அடுத்த ஓர்டருக்கும் நடுவில் வருவார்.
மஞ்சள் வாத்து வேண்டும் அவருக்கு.
யாருக்கென்று நான் கேட்டதில்லை.
அந்த ஞாயிறுக்குப் பிறகு அதிகம் விளையாடவில்லை.
தூணடியில் நின்று போனைப் பார்ப்பார்,
பார்ப்பது போல.

அது கரண்ட் போய்ப் போய் வந்த வருஷம்.
பெட்டிக்குள் ஞாபகத்துக்கென்று
சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும்.
எங்களுடையது செத்துக் கிடந்தது.
விளக்கு அணைந்தால் எண்ணிக்கை பூஜ்யம்.
முதலாளியிடம் சொன்னேன்.
"எவ்வளவு?"
"இருநூற்றைம்பது."
ஒரு நிமிஷம் யோசித்தார்.
"இப்ப அவசரமில்ல தானே, மகன்."
கெட்டவரில்லை அவர்.
நோன்பு மாதம் முழுக்க எனக்கும் ஒரு வாளி கஞ்சி வரும்.

செவ்வாய்க்கிழமை.
ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் பத்தொன்பது போட்டுவிட்டுப் போனது.
இருட்டு. கீழே ஜெனரேட்டர் உறுமியது.
வெளிச்சம் வந்ததும்
ஜெனிஸ்டன் தூணிலிருந்து எழுந்து வந்தார்,
உள்ளங்கையில் மூன்று டோக்கன்.
மூன்றே மூன்று.

"அண்ணே, இருபத்திரண்டுக்கு ஒண்டு தானே?"
மெதுவாகக் கேட்டார், கள்ளச் சிரிப்போடு,
பரீட்சைத் தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டவர் போல.
"ஒரு மாசமா எண்ணிட்டு இருக்கேன்."

சாவிக்கொத்து இடுப்பில் கனத்தது.
"சும்மா கண்டதை எண்ணாதீங்க" என்றேன்.
அதை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

முதலாவது.
இரண்டாவது.
மூன்றாவதில் வாத்து எழும்பியது,
கழுத்தில் ஒரு விரல், வாலடியில் ஒரு விரல்,
நடந்தது காற்றில்,
நான் குறித்து வைத்த இடத்துக்கு வந்ததும்
கை விட்டது.

திட்டுவார் என்று நின்றேன்.
"எண்ணினதில நான்தான் எங்கயோ பிழை விட்டுட்டேன்" என்றார்.
போன் அடித்தது. பம்பலப்பிட்டிக்கு இரண்டு கொத்து.
ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு
படியிறங்கிப் போனார், லிஃப்ட் வேலை செய்யவில்லை.

மறுநாள் பேட்டரியை என் காசில் வாங்கி மாட்டினேன்.
முதலாளியிடம் சொல்லவில்லை.
கரண்ட் போய் வந்தாலும் பெட்டி இப்போது மறப்பதில்லை.
பதினேழு என்றால் பதினேழு.

ஒரு வாரம், இரண்டு வாரம்
தூணடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
வாத்தைக் கண்ணாடிப் பக்கம் நகர்த்தி வைத்தேன்,
முகம் வெளியே தெரிகிற மாதிரி.

நேற்று நான் லீவு.
யாரோ எடுத்துப் போய்விட்டார்களாம்,
சமன்மலி சொன்னாள்,
ஒரே டோக்கனில்.